முப்பது உயிரும் அரைப் பேரும்

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை தன் கொன்ட்ரோலரை மேசையில் பிரித்துப் போட்டு, ஒப்பரேஷனுக்குத் தயாரான டாக்டரைப் போல இரண்டு கைகளையும் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் காந்த முனை ஸ்க்ரூ டிரைவர், சாமணம், ஈயம் உறிஞ்சும் பம்ப், பஞ்சுக் குச்சி, ஒரு குப்பி ஐசோபுரோப்பைல் அல்கஹோல்.

"என்னாடா சுகமில்ல இதுக்கு?"

"டிரிஃப்ட், மாமா. நான் தொடவே இல்ல, ஆள் தன்பாட்டுல இடது பக்கம் நடக்கிறான்."

"எங்க காலத்துல தொட்டாக்கூட நடக்க மாட்டான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நோயாளி முன்னால் சிரிப்பது அழகில்லை என்று நினைத்திருப்பான்.

எங்கள் காலம் என்பது 1995. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், மழை பெய்தால் படிக்கட்டே வாய்க்காலாகிவிடும் ஒரு வீடு. துபாயில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தார். 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகொமுக்கு அது ஊர் பேர் தெரியாத ஒன்றுவிட்ட தம்பி என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. எங்களுக்கு அது டிவி கேம். கூடவே வந்த கேசட்டில் 9999 விளையாட்டு என்று எழுதியிருந்தது. அக்காவும் நானும் உட்கார்ந்து எண்ணினோம், பதினேழு தேறியது. பதினெட்டாவதிலிருந்து அதே மரியோ, வேறு பெயரில், வேறு இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெட்டிக்குள் ஒரு துப்பாக்கியும் இருந்தது, திரையில் பறக்கும் வாத்துகளைச் சுடுவதற்கு. அப்பா அதை ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். ஜன்னலை ஒரு தரம் பார்த்தார். பிறகு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். யுத்த காலத்துக் கண்டியில் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவர் செய்யக்கூடியதைத்தான் செய்தார். அந்தத் துப்பாக்கியால் இன்றுவரை ஒரு வாத்தும் செத்ததில்லை.

மிச்சம் இரண்டு ஜொய்ஸ்டிக். ஒன்றாம் நம்பரில் ஸ்டார்ட் பொத்தான் உண்டு. இரண்டாம் நம்பரில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒன்றாம் நம்பர்க்காரர் மனசு வைக்க வேண்டும். அக்கா மூத்தவள். கொன்ட்ரோலர்களை ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் கலை எங்கள் வீட்டில் அன்றே தொடங்கிவிட்டது. தீர்ப்புதான் ஒருநாளும் மாறவில்லை.

இடது பெருவிரலுக்குக் கீழே கூட்டல் குறி வடிவத்தில் ஒரு திசைப் பொத்தான். 1982இல் நிண்டெண்டோவின் குன்பேய் யோகோய், கைக்கு அடக்கமான டொங்கி கொங் விளையாட்டுக்காக அமைத்த வடிவம் அது. குனிந்து பார்க்காமலே பெருவிரலுக்குத் திசை தெரிய வேண்டும் என்பது கணக்கு. நகலெடுத்தவர் கணக்கை எடுத்துக்கொண்டார், விளிம்பை மழிக்க மறந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் கொன்ட்ரா கேம் ஆடினால் விரலில் கொப்புளம் நிச்சயம்.

அதைப் பார்த்துவிட்டு முதன்முதலில் மாற்றம் செய்து தந்தது அம்மாயி. அவள் ஹந்தானைப் பக்கம் தோட்டத்தில் ஆயுளில் பாதிக்கு மேல் கொழுந்தெடுத்தவள். கறையும் வெடிப்பும் விரலைத் தின்னாமலிருக்க, பழைய சைக்கிள் டியூபில் வளையம் வெட்டி மாட்டிக்கொள்வாளாம். அதே கத்தரிக்கோலால் எனக்கும் வளையம் வெட்டினாள். ஒன்று பெருவிரலுக்கு, இரண்டு ஜொய்ஸ்டிக்கின் முனைகளுக்கு.

"இந்தா, மாட்டிக்கிட்டு ஆடு. இம்புட்டு அமுக்குறியே, பேராவது போடுறாங்களா?"

தோட்டத்தில் பேர் என்றால் நாட்கணக்கு. எடுத்த கொழுந்து சொன்ன கிலோவை எட்டினால் செக்ரோலில் ஒரு பேர் விழும். எட்டாவிட்டால் அரைப் பேர், சம்பளமும் அரை. அம்மாயிக்கு உலகத்தில் விரலால் செய்யும் எந்த வேலைக்கும் இந்த ஒரு கேள்விதான்.

ஆறு மாதத்தில் பொத்தான்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. டி.எஸ். சேனாநாயக்க வீதியில், ஒரு படிக்கட்டின் அடியில் ரேடியோ திருத்திக்கொண்டிருந்த பாஸ்தான் எனக்கு உள்ளுறுப்புகளைத் திறந்து காட்டினார். பொத்தானுக்குக் கீழே ரப்பர். ரப்பரின் அடியில் கறுப்பாக ஒரு கரித் துண்டு. அதற்குக் கீழே, சீப்புப் பற்கள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தும் தொட்டுக்கொள்ளாத இரண்டு செம்புத் தடங்கள். அமுக்கினால் கரி அவற்றைச் சேர்த்துவைக்கும். கரி தேய்ந்தாலோ, வியர்வையும் கண்டி ஈரமும் படிந்தாலோ, மின்சாரம் தயங்கும்; மரியோ பள்ளத்தில் விழுவார்.

வைத்தியம் மூன்று. முதலாவது ஓடிகொலோன். அம்மா காய்ச்சல்காரர் நெற்றிக்கு வைத்திருந்ததைப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். அதிலுள்ள ஸ்பிரிட் அழுக்கைக் கொண்டுபோகும். வாசம் மட்டும் தங்கும். இரண்டு நாளைக்கு வீடு முழுக்க யாருக்கோ காய்ச்சல் போலவே மணக்கும். இரண்டாவது, பென்சில். தேய்ந்த கரியின் மேல் அதிகம் கறுக்கும் பென்சிலை அழுத்தித் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும். மூன்றாவது, அப்பாவின் சிகரெட் பெட்டியிலிருந்த வெள்ளித்தாள். வட்டமாக வெட்டி ரப்பரில் ஒட்டினால் பொத்தான் பேய் பிடித்தது போல் வேலை செய்யும், மூன்று நாள். நாலாம் நாள் வெள்ளித்தாள் செம்புத் தடத்தைச் சுரண்டித் தானும் கறுத்திருக்கும்.

ஒரிஜினலே ஒழுங்கில்லை என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். முதலில் வந்த ஃபேமிகொமில் பொத்தான்கள் சதுர ரப்பராம்; அமுங்கினால் சிக்கிக்கொண்டதால் பிறகு வட்டப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்களாம். இதை அன்றே யாராவது சொல்லியிருந்தால் அம்மாவிடம் கொஞ்சம் ஓடிகொலோன் மிஞ்சியிருக்கும்.

இதெல்லாம் கரண்ட் இருந்தால்தான். 1996இல் மழை பொய்த்து நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு பக்கம் பொல்கொல்லை, இன்னொரு பக்கம் விக்டோரியா. மகாவலியை மறித்து மின்சாரம் எடுக்கும் ஊரில் மணிக்கணக்காக மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, இருட்டில் பொத்தான் அமுக்கிப் பழகினோம். அக்கா அப்போதும் ஒன்றாம் நம்பரைத் தரவில்லை.

1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்தது. அதன் பிறகு நகருக்குள் பையைத் திறக்காமல் நூறு யார் நடக்க முடியாது. அந்த நாட்களில் ஒருநாள், மேல் மூடி கழற்றிய ஜொய்ஸ்டிக், இரண்டு முழ வயர், பெட்டியின் சேர்க்கிட், எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு பாஸிடம் புறப்பட்டேன். பதின்மூன்று வயதுப் புத்தி அவ்வளவுதான். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இப்பால் நிறுத்தினார்கள். டின்னைத் திறந்த சிப்பாய் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் அடையாளத்துக்காகக் கேட்ட பாடசாலைக் கடிதத்தில் பெயரைப் பார்த்தார்.

"மே மொனவாத?"

"டிவி கேம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் இரண்டு விரலால் ஜொய்ஸ்டிக்கைத் தூக்கினார். பெருவிரலைக் கூட்டல் குறியில் வைத்தார். வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அந்த விரல் பழகிய விரல்.

"கொன்ட்ரா தியெனவத?"

இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பொத்தானை அமுக்கிக் காட்டிக்கொண்டே சொன்னார்: "உட, உட. யட்ட, யட்ட. வமட்ட, தகுணட்ட. வமட்ட, தகுணட்ட. பீ. ஏ."

மேல் இரண்டு, கீழ் இரண்டு, இடம் வலம், இடம் வலம், பி, ஏ. கொனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹஷிமொட்டோ, 1986இல் கிரேடியஸ் விளையாட்டை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, தானே சோதித்துப் பார்க்கக் கஷ்டமாயிருந்ததால் போட்டுவைத்த குறுக்கு வழி. கொன்ட்ராவில் அதைச் சொன்னால் மூன்று உயிருக்குப் பதில் முப்பது உயிர். அதை எனக்குச் சிங்களத்தில் ஓதிவைத்தவரின் தோளில் தொங்கியது நிஜத் துப்பாக்கி. வயது இருபதைத் தாண்டியிருக்காது. அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

வீட்டுக்கு வந்து முயன்றேன். மந்திரத்தை ஓதி முடித்தால் ஸ்டார்ட் அமுக்க வேண்டும். அது அக்காவிடம் இருந்தது.

அந்த அக்காவின் மகன்தான் இப்போது கொன்ட்ரோலரின் குச்சியைப் பிடித்திருந்த பதினான்கு ஈயப் பொட்டுகளையும் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தான். குச்சியின் இரு பக்கமும் சின்னப் பெட்டிகள். உள்ளே ஒரு கரித் தடம், அதன் மேல் உரசி நகரும் ஒரு நாக்கு. எங்கள் பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழும் இதே சாதிதான். உரச உரசக் கரி தேயும். தேய்ந்த இடத்தில் கணக்குத் தப்பும். ஆள் தன்பாட்டுக்கு நடப்பான். முப்பது வருடத்தில் உலகம் எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள். கொன்ட்ரோலருக்குள் அதே கரி, அதே தேய்மானம். பென்சிலை நீட்டினேன். பயந்துபோய்க் கையைத் தட்டிவிட்டான்.

அவன் பொருத்தப்போவது ஹோல் சென்சர். குச்சியின் அடியில் காந்தம். அது நகர்வதைத் தொடாமலே உணரும் சில்லு. உரசல் இல்லை, ஆகவே அந்தத் தேய்மானமும் இல்லை. எட்வின் ஹோல் 1879இல் கண்டுபிடித்த விளைவு. சேகா கம்பெனி 1998இல் வெளியிட்ட ட்ரீம்காஸ்ட் கொன்ட்ரோலரிலேயே இந்தக் காந்த வித்தை இருந்தது; நான் பிஸ்கட் டின்னோடு நடுரோட்டில் நின்ற அதே வருடம். பிறகு வந்த பெரிய கம்பெனிகள் மலிவான கரிக்கே திரும்பிப் போயின. இப்போது காந்தம் புதுமை என்ற பெயரில், கூடுதல் விலைக்கு, தனிப் பொட்டலத்தில் வருகிறது.

மருமகனின் கணக்கெல்லாம் மில்லி செக்கனில். கணினி கொன்ட்ரோலரை ஒரு செக்கனுக்கு 125 தரம் விசாரித்தால் இரண்டு விசாரணைக்கு நடுவே 8 மில்லி செக்கன் போய்விடுகிறதாம். ஏதோ மென்பொருளைத் திருத்தி அதை 1000 தரமாக்கியிருக்கிறான். சோதனைச் சாவடியில்கூட என்னை அவ்வளவு விசாரித்ததில்லை. பின்பக்கம் நடுவிரலுக்கு இரண்டு துடுப்பு, ரப்பருக்குப் பதில் மவுஸில் வரும் டிக் டிக் பொத்தான், விசை பாதி வழியிலேயே நின்றுகொள்ள ஒரு தடுப்பு, பிடிமானத்துக்கு வியர்வை உறிஞ்சும் ரப்பர் ஒட்டு. கடைசிச் சாமானைத் தடவிப் பார்த்தேன். சைக்கிள் டியூப்.

"உங்க பழைய டிவி கேம் எவ்வளவு லேட்டா வேலை செஞ்சிருக்கும், மாமா?" என்று இரக்கத்தோடு கேட்டான்.

இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். பழைய டியூப் டிவி வந்த சிக்னலை வந்த கையோடு கோடு கோடாகத் திரையில் எழுதிவிடும். இன்றைய தட்டை டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, யோசித்துக் காட்டும். அந்த யோசனையிலேயே பல பத்து மில்லி செக்கன்கள் போகலாம். அதைக் குறைக்கத்தான் கேம் மோட் என்று ஒரு பொத்தான். ஓடிகொலோன் மணத்த என் ஜொய்ஸ்டிக், வேலை செய்த நாட்களில், உன் சாமானை விட முந்தியிருக்கும் என்றேன்.

அவன் வாதாடவில்லை. போனில் ஒரு சோதனையைத் திறந்து நீட்டினான். திரை பச்சையானதும் தட்ட வேண்டும். சாதாரண மனிதருக்கு 250 மில்லி செக்கன் அளவில் வருமாம். எனக்கு 340. மறுபடி தட்டினேன், 355.

"கொன்ட்ரோலர்ல பிழையில்ல, மாமா" என்றான் மரியாதையாக.

அக்கா உள்ளேயிருந்து வலிக்குப் பூசும் சித்தாலேப்ப டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். என் பெருவிரலுக்குத்தான். ஒரு பொத்தான் அமுக்காமலே இப்போது அது வலிக்கிறது, டிரிஃப்ட்.

கரண்டும் போனது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டியதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் கண் சிமிட்டல். ஈயக் கோல் ஆறட்டும், அதுவரை போனில் ஆடலாம் என்றான். மேசை லாச்சியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து, கறுப்பாக இரண்டு உறைகளைத் தந்தான். வெள்ளி நூல் சேர்த்து நெய்த விரலுறை. வியர்வை கண்ணாடியில் படாமல், விரல் வழுக்கிப் போகப் போட்டிக்காரர்கள் மாட்டிக்கொள்வதாம். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்த ஆட்டங்களுக்குப் பதக்கமே கொடுத்தார்கள் என்று அவனே சொன்னான்.

மாட்டிப் பார்த்தேன். அளவு சரியாயிருந்தது, அம்மாயி வெட்டிய வளையம் போல. ஹந்தானையில் 1925இல் கட்டிய தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம். அம்மாயியின் கொழுந்தை உருட்டியதைப் போன்ற இயந்திரங்களை அங்கே துடைத்து, எண்ணெய் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வளையம் வெட்டிய கத்தரிக்கோல் எங்கே போனதென்று தெரியவில்லை.

நாலு பேர் குழுவாக இறங்கினோம். மருமகன் நண்டுக் கால் போல நாலு விரலை வளைத்து ஆடினான். நான் முதல் இரண்டு நிமிடத்துக்குள் செத்து, மிச்ச நேரம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குழு ஜெயித்தது. திரையில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. அவன் பெயர் மேலே, முழுசாக.

கடைசி வரியில் நான். இடம் போதாமல் திரை என் பெயரைப் பாதியில் வெட்டி, மூன்று புள்ளி வைத்திருந்தது.

பேர் போட்டுட்டாங்க, அம்மாயி. அரைதான்.