அரசர் இறந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?
சிறுவயது நினைவு தயாரிப்போருக்கான கையேடு

பிரிட்டனில் எண்பதை ஒட்டிய வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் 1952ஐ எடுத்துவிடுவார். அந்த ஆண்டு பிப்ரவரி 6, புதன்கிழமை அதிகாலை, நார்ஃபோக்கில் உள்ள சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 56. எங்கே இருந்தோம், யார் சொன்னார்கள், என்ன செய்தோம் என்று ஆளுக்கொரு கதை வரும். உங்களிடம் மட்டும் கதை இல்லையென்றால் அவமானம். அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கையேட்டின் நோக்கம்.

தகுதி: அன்று உங்களுக்கு 4 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். தொட்டிலில் கிடந்தவர்கள் அக்காவின் நினைவைக் கடன் வாங்கலாம். அக்கா இல்லாத இடத்தில் மட்டும் சொல்லவும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சிறுவர்களாக இருந்தவர்களும் விண்ணப்பிக்கலாம், இலங்கைக்கு அப்போது அவர்தான் அரசர். மதுரைக்காரர்களுக்கு அனுமதி இல்லை. 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசானதோடு அந்த உரிமை போய்விட்டது.

1. செய்தி சொன்னவரைத் தேர்ந்தெடுங்கள்

அம்மா, தலைமையாசிரியர், பால்காரர், பேருந்து நடத்துநர் என்று யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்கு அரசரை எழுப்பப்போன பணியாளர்தான் முதலில் அறிந்தார். தொலைபேசி இணைப்பகத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, ‘ஹைட் பார்க் கார்னர்’ என்ற சங்கேதச் சொல்லில் அரசாங்கத்துக்குத் தகவல் போனது. பத்தே முக்காலுக்குத்தான் பத்திரிகைகளுக்கு அறிவித்தார்கள். 11.15க்கு பிபிசி வானொலியில் ஜான் ஸ்நாக் வாசித்தார்.

ஆகவே பால்காரர் விடிகாலையில் புட்டியோடு செய்தியையும் கொண்டுவந்தார் என்றால் அவர் உளவாளியாக இருந்திருக்க வேண்டும். அதேபோல, அம்மாவின் பக்கத்தில் வானொலிப் பெட்டிக்கருகே உட்கார்ந்து கேட்டதாகச் சொல்ல ஆசைப்பட்டால், முதலில் உங்களுக்குத் தட்டம்மை போட்டுவிடுங்கள். புதன்கிழமை பதினொன்றே காலுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள்.

ஒரு சலுகை உண்டு. மகள் எலிசபெத் அன்று கென்யாவில் இருந்தார். செய்தி அங்கே போய்ச் சேர்ந்து, கணவர் பிலிப் அதை அவரிடம் சொல்வதற்குள் லண்டனில் ஊரறிந்த விஷயமாகிவிட்டது. அந்த முதல் அறிவிப்பையே கேட்டதாக வைத்துக்கொண்டால், “அரசிக்கு முன்பே எனக்குத் தெரியும்” என்று பேரப்பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொள்ளலாம்.

2. ஒரு பெரியவரை அழவையுங்கள்

இது இல்லாமல் கதை நிற்காது. அழவே மாட்டார் என்று நீங்கள் நம்பியிருந்தவராகப் பாருங்கள். பிரம்பு வைத்திருக்கும் கணக்கு டீச்சர் மிகப் பொருத்தம். அப்பாவை அழவைப்பதாக இருந்தால், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தத் தலைமுறை அப்பாக்களுக்கு அவ்வளவுதான் ஒதுக்கீடு.

எதற்காக அழுதார்கள் என்று அப்போது உங்களுக்குப் புரியவில்லை. புரிந்ததாகச் சொன்னால் கதை கெட்டுவிடும். குண்டு விழுந்த காலத்திலும் லண்டனைக் கைவிடாத அரசர், திக்குவாயோடு போராடி வானொலியில் பேசியவர் என்பதெல்லாம் நீங்கள் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. 1951 செப்டம்பரில் அவருடைய ஒரு நுரையீரலை எடுத்திருந்தார்கள் என்பதும் அப்படித்தான். ஏழு வயதில் உங்களுக்குத் தெரிந்த அரசர், தபால்தலையில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர். அவ்வளவே.

3. உங்கள் சொந்தத் துக்கத்தை மறைக்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். தேசமே கண்ணீர் விட்டதாம், நானும் விட்டேன் என்று ஆரம்பிப்பார்கள். நம்பாதீர்கள். அன்று பிபிசி செய்தி, வானிலை போன்ற சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்தியது. மாலை ஐந்து மணிக்குச் சிறுவர்கள் காத்திருக்கும் ‘சில்ட்ரன்ஸ் அவர்’ இல்லை. திரையரங்குகளையும் மூடினார்கள். பிறந்தநாளுக்குப் படம் பார்க்கப் போகவிருந்த பிள்ளைக்கு அன்று இரண்டு சாவு.

“அரசர் செத்துட்டா கதை ஏன் சொல்லக் கூடாது?” என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருந்தால், அதுதான் முதல்தர நினைவு. அதைப் பட்டுத் துணியில் சுற்றி ஒளித்துவைத்துவிட்டு, ‘ஒரு யுகம் முடிந்ததை உணர்ந்தேன்’ என்று எடுத்துவிடாதீர்கள். ஏழு வயதில் யுகம் முடிவதை யாரும் உணர்வதில்லை. வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், நம்மை யாரும் கவனிக்கவில்லை என்பதைத்தான் உணர்கிறோம்.

4. மணியோசை சேர்ப்பவர்கள் கவனிக்க

வின்ட்சர் கோட்டையில் செபஸ்தபோல் மணியை 56 முறை அடித்தார்கள், வயதுக்கு ஒன்றாக. கிரிமியப் போரில் கொண்டுவந்த மணி அது. லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துப் பெரிய மணியும் ஒலித்தது. மான்செஸ்டரில் வளர்ந்தவர்கள் இந்த இரண்டையும் காதால் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். உள்ளூர்க் கோயில் மணி போதும்.

5. வழக்கமான பிழைகள்

“பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் எல்லாரும் கூடிப் பார்த்தோம், வெளியே மழை.” ஐயா, அது 1953 ஜூன் 2, மகளின் முடிசூட்டு விழா.

“அழுத என்னைச் சமாதானப்படுத்த அம்மா பை நிறைய மிட்டாய் வாங்கித் தந்தாள்.” மிட்டாய்க்கு ரேஷன் நீங்கியதே 1953 பிப்ரவரியில்தான். பையைச் சிறிதாக்குங்கள்.

“செய்தி வந்ததும் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம்.” தேசம் முழுக்க மௌனம் காத்தது பிப்ரவரி 15, இறுதிச் சடங்கு நாளன்று.

“கறுப்பு முக்காடு போட்ட மூன்று அரசிகளைப் பார்த்தேன்.” தாய், மனைவி, மகள் மூவரும் நிற்கும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

6. பிழை வந்தால் பதறாதீர்கள்

உங்களுக்குத் துணையாக ஒரு பெரிய உளவியலாளரே இருக்கிறார். 1941 டிசம்பர் 7 அன்று வானொலியில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது பேர்ல் ஹார்பர் செய்தி குறுக்கிட்டதாக உல்ரிக் நைசர் பல்லாண்டுகள் நம்பியிருந்தார். டிசம்பரில் பேஸ்பால் ஏது? அன்று ஒலிபரப்பானது அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். மோதிய அணிகளின் பெயர்கள் பேஸ்பால் அணிகளின் பெயர்களே என்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம் என்று மற்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

அதே நைசர், 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்ததற்கு மறுநாள், செய்தியை எப்படி அறிந்தீர்கள் என்று மாணவர்களை எழுதச் சொன்னார். இரண்டரை ஆண்டுக்கும் மேலான பிறகு 44 பேரிடம் திரும்பக் கேட்டார். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழையதோடு பொருந்தவில்லை. ஆனால் சொன்ன விதத்தில் தயக்கமே இல்லை. அவர்கள் அன்று எழுதிய தாளையே காட்டியும், பழைய நினைவு திரும்பவில்லை.

ஆகவே தைரியமாகச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: உங்களோடு அதே வகுப்பில் படித்தவர் கூட்டத்தில் இருந்தால் வாயைத் திறக்காதீர்கள். அவருடைய கதையில் அன்று நீங்கள் பள்ளிக்கே வந்திருக்க மாட்டீர்கள்.

7. அடுத்த தலைமுறைக்கான ஏற்பாடு

2022 செப்டம்பர் 8, வியாழன் மாலை ஆறரைக்கு எலிசபெத்தின் மறைவை அறிவித்தபோது உங்கள் பேரன் தரையில் படுத்து டேப்லெட் நோண்டிக்கொண்டிருந்தான். “நாளைக்கு ஸ்கூல் லீவா?” என்றான். இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடியது. அவனைத் திட்டாதீர்கள். அவனுடைய துக்கம் அசல். அன்று நீங்கள் அறையில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதை அவன் இனிமேல்தான் முடிவு செய்வான். எனவே இப்போதே ஒரு கைக்குட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுபது ஆண்டு கழித்து அவன் சொல்லப்போகும் கதையில், அழவே மாட்டார் என்று நம்பியிருந்தும் அழுத பெரியவர் நீங்கள்தான்.