டேப் மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓ.எம்.ஆரில் எந்த மாடல் ஃபிளாட்டுக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, கையில் எட்டாக மடித்த முழுப்பக்க விளம்பரம். பேன்ட் பாக்கெட் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கும். அது பர்ஸ் என்று நினைத்துத்தான் விற்பனைப் பையன் ஓடி வருகிறான். உள்ளே இருப்பது ஐந்து மீட்டர் இரும்பு டேப்.

மாமா இருப்பது நங்கநல்லூரில், ஒரு பழைய டூ பெட்ரூம் ஃபிளாட்டில். அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு தீபாவளிக்கு ஃபோன் பண்ணி, "நல்ல த்ரீ பெட்ரூமா பாருங்கப்பா" என்றான். பாருங்கள் என்றானே தவிர, வாங்குங்கள் என்று சொல்லவில்லை. மாமாவும் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மாடல் ஃபிளாட்டில் மற்றவர்கள் அண்ணாந்து தொங்குவிளக்கைப் பார்ப்பார்கள். மாமா நேரே படுக்கையறைக்குப் போய்க் குனிந்து கட்டிலை அளப்பார்.

"தம்பி, இது அஞ்சேகால் அடிதான் வருது. கடையில விக்கிற கட்டில் ஆறேகால் அடி. இதுல யாரு படுக்கிறது?"

"அது டிஸ்ப்ளேக்கு வெச்சது சார்."

"ரூமுக்குக் கதவையே காணோமே, அதுவும் டிஸ்ப்ளேக்கா? மாட்டினா பீரோ மேல இடிக்கும், அதானே?"

2016-இல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்ததிலிருந்து மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கார்பெட் ஏரியா என்றால் என்ன என்று அந்தச் சட்டம் வரையறுத்திருக்கிறது: உள்சுவர்கள் சேர்த்தி, வெளிச்சுவரும் பால்கனியும் சேர்த்தியில்லை. பையன் "1,650 சதுர அடி சார்" என்று ஆரம்பித்தால், "அது சூப்பர் பில்ட்-அப். கார்பெட் எவ்வளவு?" என்பார். பையன் தொண்டையைச் செருமி "1,150" என்பான். சதுர அடி 9,000 ரூபாய் என்றால் மொத்தம் ஒரு கோடியே 48 லட்சத்து 50 ஆயிரம். விளம்பரத் தாளின் ஓரத்தில் மாமாவின் பேனா ஓடும். "அப்போ நான் நடமாடுற இடத்துக்கு சதுர அடி 12,913 ஆகுது. மிச்சம் 500 அடிக்கு 45 லட்சம். அவ்வளவு குடுத்து லிஃப்ட்டுலயும் மாடிப்படியிலயும் நான் குடித்தனமா பண்ணப்போறேன்?"

அடுத்தது யூடிஎஸ், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு. கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், ஜிம் எல்லாவற்றையும் பையன் மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்ததும், "மண்ணு எவ்வளவுப்பா?" என்று ஒரே கேள்வி. 400 சதுர அடி என்று பதில் வந்தால், "ஒரு கிரவுண்டுல ஆறுல ஒரு பங்கு" என்று விரல் மடக்குவார். அக்ரிமென்டைப் பதிவு பண்ணாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் மனப்பாடம். ஸ்டில்ட் பார்க்கிங்குக்குத் தனி விலை சொன்னால், 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தனியாக விற்கக் கூடாது என்று சொன்னதை எடுத்துவிடுவார். பையன் மேனேஜரைத் தேடுவான். மேனேஜர், மாமாவைத் தூரத்தில் பார்த்ததுமே சைட்டுக்குப் போயிருப்பார்.

வெளியே வந்தாலும் விசாரணை ஓயாது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம், "2015 வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் தண்ணி?" என்று கேட்பார். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக் காட்டுவார். மாமா விளம்பரத்தில் 'ஏரி பார்த்த பால்கனி' என்ற வரியைத் தேடி, பக்கத்தில் 'இடுப்பு' என்று எழுதிக்கொள்வார்.

இதையெல்லாம் தாண்டித் தேறிய ஃபிளாட்டும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றை ஜிஎஸ்டி கெடுத்தது. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீதம், மேலே சொன்ன கணக்குக்கு ஏழு லட்சத்து 42 ஆயிரத்து 500. பணி நிறைவுச் சான்றிதழ் வந்தபின் விற்பதற்கு அந்த வரி கிடையாது. "முடியட்டும், வர்றேன்" என்று எழுந்துவிடுவார். முடிந்ததும் போவார். சதுர அடி 11,000 ஆகியிருக்கும்.

மாமிக்கு இதில் தனிக் கருத்து உண்டு. "இருக்கிற ரெண்டாவது ரூம்லயே கொலுப்படியும் அவன் விட்டுட்டுப் போன சூட்கேஸும்தான் படுத்திண்டிருக்கு. மூணாவது எதுக்கு, இவர் சேர்த்து வெச்சிருக்கிற விளம்பரத்துக்கா?"

போன ஞாயிறு, காபியும் இரண்டு வாழைக்காய் பஜ்ஜியும் முடித்து மாமா கிளம்பும்போது, பையன் வாசல்வரை பின்னாலேயே வந்தான். உள்ளே யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அங்கிள், அம்மாவுக்காக ஒரு சின்ன டூ பெட்ரூம் பார்த்திருக்கோம். இங்க இல்ல, வேற பில்டர். அடுத்த வாரம் டோக்கன் குடுக்கணும். நீங்க ஒரு எட்டு டேப்போட வரமுடியுமா?"

மாமா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வரலாம். அங்க டிபன் உண்டா?"