வெற்றிடத்துக்கு ஒரு விண்ணப்பம்

கனம் மேலிடத்தாருக்கு,
ஊடாக: அதிபர் (வாசித்தார், சிரித்தார், கையொப்பம் இடவில்லை)

விடயம்: கரையோரப் பாடசாலைகளின் மேடை நுட்பத்துக்குப் பொறுப்பாளர் பதவி கோரல்

மேற்படி விடயம் தொடர்பாகப் பணிவுடன் அறியத்தருவது. சிலாபத்திலிருந்து புத்தளம் வரை, ஏ3 வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஊர்களில் ‘நாடகமும் அரங்கியலும்’ ஒரு பாடம். பாடத்துக்கு ஆசிரியர் உண்டு. ஆசிரியரைப் பார்க்க ஆசிரிய ஆலோசகர், அவரைப் பார்க்க அழகியலுக்கு ஓர் உதவிப் பணிப்பாளர், அவருக்கு மேலே வலயம், வலயத்துக்கு மேலே மாகாணம். இத்தனை பேரும் வந்து நடிப்பைப் பார்த்தார்கள். ஒருவராவது தலையை நிமிர்த்தி மேடைக்கு மேலே பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கூரைத்தகடும், சுற்றாத மின்விசிறி ஒன்றும் தெரிந்திருக்கும். மற்றபடி வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குத்தான் விண்ணப்பிக்கிறேன்.

அனுபவம் கேட்பீர்கள். பத்து ஆண்டாக இந்தப் பதவியை நியமனக் கடிதம் இல்லாமலே வகித்துவருகிறேன். அயல் பள்ளிக்கூடங்களில் நாடகம் என்றால் என் விளக்குகள் ஓட்டோவில் போகும். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு நானும் போவேன்.

விளக்குகள் என்பவை பால்மா டின்கள், ஒன்பது. மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே ஹோல்டர் பூட்டி, 100 வொட் குமிழ் போட்டு, வாயில் சிவப்புச் செலோபன் தாளைக் கம்பியால் கட்டினால் ஸ்பொட் லைட். பதினைந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். பதினாறாவது நிமிடம் தாள் சுருங்கி ஒரு நாற்றம் கிளம்பும். துரியோதனன் சபையில் அந்த நாற்றம் எழுந்தால் சபையோர் மூக்கைப் பொத்துவார்கள் என்பதால், துகிலுரிதலைப் பதினான்காவது நிமிடத்துக்குள் முடித்துவிடுவது என் வழக்கம். தமிழ்த் தினப் போட்டியில் நடுவர் ஒருவர் ‘இறுக்கமான நெறியாள்கை’ என்று எழுதிப் புள்ளி போட்டார். அந்தப் புள்ளி செலோபனுக்குச் சேரவேண்டியது.

மண்டபத்தில் இருப்பது 5 அம்பியர் பிளக் ஒன்று. 230 வோல்ட்டில் அது தாங்குவது 1,150 வொட். என் டின்கள் 900. மிச்சம் 250இல் சவுண்ட்காரர் தன் பெட்டியைச் சொருகுவார். முரசு முழங்கி, அருச்சுனன் வில்லை எடுத்ததும் பியூஸ் போகும், குருக்ஷேத்திரம் இருட்டாகிவிடும். பார்க்க வந்த தாய்மார் இதைக் கண்ணன் சூரியனை மறைத்த இடம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை.

ஒரு தற்செயலையும் சொல்லவேண்டும். கற்பிட்டிப் பக்கம் நுரைச்சோலையில் நிற்கும் அனல் மின்நிலையத்தின் கொள்ளளவும் 900தான். 300 மெகாவொட் வீதம் மூன்று அலகுகள். முதலாவது 2011இல் திறக்கப்பட்டது. இலக்கத்தில் நாங்கள் சமம். நடுவில் ஒரு ‘மெகா’ மட்டும் வித்தியாசம்.

பாடத்திட்டத்தில் ஒளியமைப்பு உண்டு. பிள்ளைகள் அதைக் கொப்பியில் படிக்கிறார்கள்: ஸ்பொட் லைட்டுக்கு ஒரு வட்டம், ஃபிளட் லைட்டுக்கு ஒரு சதுரம், கலர் பென்சிலால் நிறம். “ஃபிளட் லைட் என்றால் வெள்ளம் வந்தால் போடுற லைட்டா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். மழைக்கு முற்றம் குளமாகிற பள்ளிக்கூடத்தில் அது நியாயமான கேள்வி. அவளுக்குக் காட்ட என்னிடம் சதுரம்தான் இருந்தது.

விளக்கை மெல்ல மங்கவைக்க டிம்மர் தேவை. ‘உள்ளூர் வளங்களைப் பயன்படுத்துக’ என்று நீங்கள் சுற்றுநிருபம் அனுப்புவதால் தேடிப் பார்த்தேன். மேலைநாட்டு அரங்குகளுக்கு மின்சாரம் புதிதாக வந்த காலத்தில், ஜாடியில் உப்புத் தண்ணீர் நிரப்பி இரண்டு உலோகத் தகடுகளை இறக்கியிருக்கிறார்கள். தகடுகள் விலக விலக மின்தடை கூடி விளக்கு மங்கும். உப்புத் தண்ணீர்! உப்பு விளைக்கும் புத்தளத்தானிடம் இதைச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டியிருந்ததே. ஜாடியில் கை பட்டால் அபிமன்யு உண்மையாகவே சாவான் என்பதால் சிபாரிசு செய்யவில்லை. தவிர, 2025இல் உப்பையே இந்தியாவிலிருந்து கப்பலில் இறக்கினோம். டிம்மருக்கும் இறக்குமதி அனுமதி கேட்கவேண்டி வரும்.

ஆள் பஞ்சம் மட்டும் இங்கே கிடையாது. அந்தக் காலத்து மேலை அரங்குகளில் திரையையும் தட்டிகளையும் கயிற்றில் ஏற்றி இறக்கியவர்கள் கரையிறங்கிய மாலுமிகள் என்பார்கள். மேடையில் சீழ்க்கை அடிக்கக் கூடாது என்ற வழக்கம் அதனால் வந்ததாம்: சீழ்க்கைதான் அவர்களுக்குச் சைகை, தப்பாக அடித்தால் தலையில் மூட்டை விழும். என் பத்தாம் வகுப்புப் பையன்களின் தகப்பன்மார் கரைவலை இழுப்பவர்கள். ஒரு கையால் முடிச்சுப் போட்டு மறு கையால் பீடி பற்றவைப்பார்கள். கரையில் நிற்பவர் துணியை ஒரு வீச்சு வீச, தூரத்துத் தோணி திரும்புகிறது. காதில் ஹெட்போன் மாட்டாத மேடை முகாமையாளர் அவர். ஒரு நாள் வகுப்புக்கு வளவாளராக அழைக்க அனுமதி கேட்டேன். அவருடைய சாதாரண தரப் பெறுபேற்றைக் கேட்டார்கள்.

இந்தக் கரை நாடகத்துக்குப் புதிதும் அல்ல. தமிழ்க் கூத்தில் வேர்விட்ட சிங்கள ‘நாடகம’ இந்தப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் ஆடப்பட்டது; அந்த வடிவத்தை எடுத்துத்தான் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் ‘மனமே’யை மேடையேற்றினார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று வட்டக்களரிக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அவர்மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்: களரியில் பந்தமும் பெற்றோமக்ஸும் போதுமாயிருந்தன, படச்சட்டம் வந்ததும் ஸ்பொட் லைட் தேவைப்பட்டுவிட்டது. மாவட்டத்தின் மிகச் சிறந்த ஒளியமைப்பை இன்றும் உடப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பார்க்கலாம். 18 நாள் திருவிழாவின் முடிவில் தீக்குழி. கீழிருந்து எழும் அந்தச் சிவப்பில் எல்லா முகமும் பாத்திரமாகிவிடும். எந்தச் செலோபனும் அதைத் தராது. அதற்கு மேற்பார்வையாளர் தேவைப்பட்டதாகவும் நான் கேள்விப்பட்டதில்லை.

சென்ற முறை பொருட் பதிவேடு சரிபார்க்க ஓர் அலுவலர் வந்தார். ஒத்திகை நேரம். “இவை என்ன?” என்றார். “மேடை விளக்குகள், சேர்.” பதிவேட்டைப் புரட்டினார். மேடை விளக்கு என்று ஒரு நிரல் அதில் இல்லை. வெற்று டின்னுக்கு இருந்தது. ‘வெற்று டின் 9, கழிக்கத்தக்கது’ என்று எழுதிக் கையொப்பமிட்டார். வெளிச்சம் போதாமல் பதிவேட்டை ஒரு டின்னுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டுதான் எழுதினார்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. சம்பளம் வேண்டாம், அறை வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். எட்டு எல்.ஈ.டி. விளக்கு, நல்ல வயர், ஒரு டிம்மர் பலகை, எல்லாவற்றையும் போட்டுப் பூட்ட சில்லு வைத்த ஒரு பெட்டி. அந்தப் பெட்டி தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று பாராமல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஓட்டோவில் போகட்டும். ஓட்டோக் கூலி வழக்கம்போல என்னுடையது.

தங்கள் உண்மையுள்ள,
நாடக ஆசிரியன்

பி.கு.: கழிக்கத்தக்க ஒன்பதில் நான்காவது டின்னுக்குள் இருக்கும் குமிழ் அதிபரின் விறாந்தையில் கழற்றியது. டின்களை ஏலம் விடும்போது அதை மட்டும் திருப்பித் தரவும். இருட்டில் எதிலும் கையொப்பம் இடுவதில்லை என்கிறார்.