மூக்கைத் தொட்டு நோய் சொல்பவர்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு நாய் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. காலையில் பூங்காவுக்குள் எந்த நாய் நுழைந்தாலும் குனிந்து அதன் மூக்கைத் தொடுவார். ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல். வாந்தி, முடிகொட்டல், சோம்பல், அடுத்த வீட்டு ஸ்கூட்டரைப் பார்த்துக் குரைப்பது என எதைச் சொன்னாலும் காரணம் ஒன்றுதான்: “சூடு சார், வேற ஒண்ணுமில்ல.” மருந்து மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம், சொறிக்கு மட்டும் வேப்பெண்ணெய். தூங்கி எழுந்த நல்ல நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாயின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நமக்கு அந்த அளவு ஏறினால் ஆபீசுக்கு லீவு சொல்லிவிடுவோம். ஆகவே, எந்த நாயை எந்த நாளில் காட்டினாலும் இவர் சொல்வது ஒருவகையில் பொய்த்துப் போவதே இல்லை.

இவரை வெறும் அரைகுறை என்று ஒதுக்கிவிட்டால், இவருக்கு இத்தனை பேரும் புகழும் எப்படிச் சேர்ந்தன என்ற கேள்வி பதிலின்றி நின்றுவிடும். குப்பைத்தொட்டியில் எதையோ தின்ற நாய் இரண்டு முறை வாந்தி எடுக்கும், ஒரு வேளை பட்டினி கிடக்கும், மறுநாள் வாலை ஆட்டும். நடுவில் கொடுத்த மோருக்குப் பெயர் கிடைத்துவிடும். பிழைத்த நாய்கள் தினமும் பூங்காவுக்கு வந்து இவருக்குச் சாட்சி சொல்கின்றன, பிழைக்காதவை வருவதில்லை. 1970களின் கடைசியில் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ், தடுப்பூசி போடாத குட்டியின் குடலைத் தாக்கி ரத்தப்பேதியாக்கும். உடலின் நீர் வற்றி ஓரிரு நாளில் கதை முடிந்துவிடலாம். “ரெண்டு நாள் பாருங்கம்மா” என்று இவர் கேட்பது சரியாக அந்த இரண்டு நாளைத்தான். உண்ணிக் காய்ச்சலோ இவருக்கென்றே படைத்த நோய். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி முதலில் காய்ச்சலைத் தரும், பசியைக் கொல்லும். பிறகு மருந்தே கொடுக்காவிட்டாலும் பல நாய்கள் சில வாரங்களில் தேறியது போலத் தெரியும். இளநீருக்கு வெற்றி! கிருமி உள்ளேயே இருந்து மாதங்களோ வருடங்களோ கழித்து, ரத்தத்தட்டுகள் குறைந்து மூக்கில் ரத்தம் வடியும்போது, அதை அந்தப் பழைய இளநீரோடு யார் முடிச்சுப் போடப் போகிறார்கள்? வெயில் அதிகம் என்று அன்றைக்கும் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

நாட்டு மருத்துவத்தை இப்படிக் கிண்டல் செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யக் கூடாதுதான். மாட்டின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைத் தமிழ்நாட்டின் கால்நடை மருத்துவர்களே பரிந்துரைக்கிறார்கள். அதற்கு இன்ன நோய், இன்ன அளவு, ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்கு உண்டு. இவரிடம் கணக்கும் இல்லை, மாடும் இல்லை. டாக்டர் செலவுக்கு எல்லோரும் எங்கே போவார்கள் என்பது இதைவிட நியாயமான கேள்வி. ஆனால் பார்வோ வந்த குட்டிக்கு ஏற்றும் டிரிப்ஸ் செலவோடு ஒப்பிட்டால் தடுப்பூசியின் விலை சொற்பம், அதை இவர் “குட்டிக்கு எதுக்கு இத்தனை ஊசி?” என்று தள்ளிப்போட வைத்திருப்பார். அவர் இலவசமாகத் தருவதும் எப்போதும் மோரோடு நிற்பதில்லை. குளிர்ச்சி என்று ஊட்டும் திராட்சை, மனிதருக்குத்தான் குளிர்ச்சி. சில நாய்களுக்குச் சிறு அளவே சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். நொண்டும் நாயைக் கண்டு மனம் இளகி, தன் முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் இபுப்ரோஃபென் மாத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாரானால் இரைப்பைப் புண், ரத்தக் கசிவு, மறுபடியும் சிறுநீரகம். கெட்ட எண்ணத்தில் ஒரு மாத்திரைகூட அவர் கொடுத்ததில்லை. நாயைத் தன் பேரனைப் போல நினைக்கிறார், அவ்வளவுதான் சிக்கல். பேரனின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் மருந்தை ஒரே விதமாகக் கையாள்வதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் அவரைப் பூங்காவை விட்டு அனுப்ப மனம் வரவில்லை. காதுமடலுக்குள் ஒளிந்திருக்கும் உண்ணியை அவர் விரல் கண்டுபிடிக்கும் வேகம் நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு வராது. கருத்தடை செய்யாத நடுவயதுப் பெண் நாய், ஹீட் எனப்படும் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து சில வாரங்கள் கழித்துக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டிய நிலை அது. “ரெண்டு நாளா தண்ணி ஜாஸ்தி குடிக்குதே, கவனிச்சீங்களா?” என்று முதலில் கேட்பவர் அநேகமாக இவராகத்தான் இருப்பார். அந்தக் கேள்வியோடு அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள். அவர் சொல்ல வந்த வைத்தியத்தைக் கேட்காமல் போனதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அதிகம் வருந்த வேண்டாம். மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு ஹஸ்கி வந்திருக்கிறதாம்.