புதுக் கணினியில் குடிபுகுதல்: மன்னார்த் தீவை முன்வைத்து ஓர் ஆய்வு

மன்னாரைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றில் கோட்டை உண்டு, முத்து உண்டு, பெருக்கமரம் உண்டு, கழுதைகூட உண்டு. இத்தீவில் ஒரு கணினியை ‘ஃபோர்மட்’ அடித்துவிட்டு மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருவது பற்றி மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுப் பொருளை வரையறுப்போம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒருவருடைய பழக்கவழக்கம் முழுவதும் சில சிறு கோப்புகளில் கிடக்கும்: எந்த விசைக்கு எது நடக்கும், நீண்ட கட்டளைக்கு என்ன செல்லப்பெயர், எல்லாம். அவற்றின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் பட்டியலில் தலைகாட்டா. இதில் ஆழ்ந்த தத்துவம் தேடியவர்கள் ஏமாந்தனர். யூனிக்ஸ் குழுவில் இருந்த ரொப் பைக் 2012இல் எழுதியபடி, நடப்பு அடைவையும் மேலடைவையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலிலிருந்து மறைக்க வந்தவர், முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துவிட்டு வேலையை முடித்துவிட்டார். இந்தத் தலைமறைவுக் கூட்டம் பிறந்தது அந்தச் சோம்பலில்தான்.

இனிக் கள நிலைமை. உப்புக்காற்றும் கரண்ட் வெட்டும் உள்ள ஊரில் கணினி பழுதாவதற்குத் தனிக் காரணம் தேவையில்லை. கடைக்குப் போகிறோம். “தம்பி, எல்லாம் பழையபடி இருக்குமோ?” “இருக்கும் ஐயா.” பழையபடி என்பதன் முதற்படி பாமினி எழுத்துருவை ஏற்றுவது, அது இல்லாவிட்டால் மடுத் திருவிழா அறிவித்தல் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பிறகு விசைப்பலகை, பிறகு பிரிண்டர். இந்த ஒழுங்கு முழுவதும் அந்தத் தம்பியின் தலைக்குள் இருக்கிறது. அவர் கட்டாருக்குப் போனால் பாதிக் கடைத்தெருவின் கணினி அமைப்பும் கூடவே விமானம் ஏறிவிடும்.

மாற்று வழிக்கு மன்னார்க் கரையிலேயே முன்னுதாரணம் உண்டு. முன்னாளில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் மரிச்சுக்கட்டியின் வெறும் மணலில் கிடுகுக் கொட்டில்களும் கடைகளும் நீதிமன்றமும் மருத்துவமனையுமாக ஓர் ஊர் எழும். சில வாரத்தில் கலையும். 1905இல் அப்படி எழுந்தது மாபெரும் ஊர். சிப்பி எந்த ஆண்டு வரும் என்பதுதான் நிச்சயமில்லை, ஊரை எழுப்பும் முறை கைவசம் இருந்தது. ஆளுநர் பிரெடரிக் நோர்த்தோ முத்துக்குளிப்பை மேற்பார்வையிட அரிப்பில் 1801க்கும் 1804க்கும் இடையில் ‘டொரிக்’ மாளிகையை நிலையாகவே கட்டினார். அதைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. நம்மவர் பெரும்பாலும் கணினியை டொரிக்காகவே கட்டுகிறார்கள் என்பது இவ்வாய்வின் முதல் முடிவு.

மரிச்சுக்கட்டி முறை வருமாறு. புள்ளிக் கோப்புகளை ஓர் அடைவில் சேர்த்து, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய ‘கிட்’ என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளிடம் ஒப்படைத்து, அவை இருக்கவேண்டிய இடங்களில் இணைப்புகளை மட்டும் வைக்கவேண்டும். எழுத்துரு, விசைப்பலகை, மென்பொருள்களை ஏற்ற ஒரு நிரல். அந்நிரலை இரண்டாம் தரம் ஓட்டினாலும் ஒன்றும் கெடக்கூடாது. நிறுவலின் பாதியில் கரண்ட் போகும் ஊரில் இதுவே தலையாய விதி. கடவுச்சொல்லை அதற்குள் எழுதிவைப்பவரை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை. நாலு வருடத்துக்கொருமுறை செய்யும் வேலைக்காக நாலு வருடமும் நிரலைத் திருத்திக்கொண்டிருப்போர் உண்டே என்ற மறுப்புக்கு விடையில்லை. உண்மைதான்.

தீராத சிக்கல் ஒன்று. நேர வலயம் கேட்கும் பட்டியலில் மன்னார் இல்லை, கொழும்புதான். அதைத் தெரிவுசெய்து 2003ஆம் ஆண்டுத் திகதி ஒன்றைக் கொடுத்தால் கணினி கிரீன்விச் நேரத்திலிருந்து ஆறு மணி நேர வித்தியாசம் காட்டும், இன்றைய ஐந்தரை அல்ல. மின் தட்டுப்பாட்டால் 1996 மேயில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, அந்த ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கி, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. புலிகளின் பகுதியோ ஐந்தரையிலேயே நின்றது. ஆகவே அக்காலப் படமொன்றின் நேரத்தைத் திருத்த வேண்டுமாயின், எடுத்தவர் இரு பகுதிகளுக்கும் இடையிலிருந்த உயிலங்குளச் சாவடிக்கு இப்பாலா அப்பாலா நின்றார் என்று நிரல் கேட்டாக வேண்டும். கேட்கும் நிரல் இதுவரை எழுதப்படவில்லை.