பெக்கோ பிடித்த வடம்

தேர் இழுக்க ஆள் போதாவிட்டால் என்ன செய்வது? அடுத்த தெருவைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை. பெக்கோவைக் கூப்பிட்டார்கள்.

2018 ஜூன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி, வரணி. கண்ணகை அம்மன் தேரை இழுத்துக்கொண்டு போனது மண் அள்ளும் இயந்திரம். ஒடுக்கப்பட்ட சாதியினர் வடம் தொடுவதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று செய்திகள் வந்தன. படமும் வந்தது. உலகத்தில் தமிழன் இருக்கும் இடமெல்லாம் பார்த்தான். கொஞ்ச நாள் காறித் துப்பினான். பிறகு அடுத்த படம் வந்தது.

பெக்கோவிடம் ஒரு தகுதி உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. முதல்நாள் எந்தக் கானை வெட்டியது, யார் வீட்டு மலசலகூடக் குழியைத் தோண்டியது என்று எவரும் விசாரிப்பதில்லை. தோய்ந்துவிட்டு வந்ததா, விரதம் பிடித்ததா, மச்சம் மாமிசம் விட்டதா? கேள்வியே இல்லை. இரும்புக்குத் தீட்டு ஒட்டாது. மனிதத் தோலுக்குத்தான் ஒட்டும். ஆகமத்தில் இதற்கு இடம் இருக்கிறது போலும். டீசல் எந்தப் படலத்தில் வருகிறது என்று குருக்கள்மார்தான் சொல்ல வேண்டும்.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரத்தில், இடிக்க வந்த பறங்கியர் முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது எங்கள் கிழக்குப் பக்கத்து ஐதீகம். கல்லுக்கு உயிர் வந்தது அந்தக் காலம். இது முன்னேறிய காலம். உயிரோடு நிற்கிற மனிதனைக் கல்லாக நிறுத்திவிட்டு, டீசல் குடிக்கிற நந்தியைக் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்த இயந்திரத்தை எங்கள் கரைக்கு நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கோமாரியையும் கடல் அடித்தது. இலங்கையிலேயே அதிகம் பேரைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. இடிபாடு அள்ள இதே இயந்திரங்கள்தான் வந்தன. யார் வீட்டுக் கல், யார் வீட்டுக் கதவு, எந்தக் குடி என்று பிரித்துப் பார்க்காமல் அள்ளின. பேதம் பார்க்கத் தெரியாத ஒரே வேலையாள் அது. அதையும் பிடித்துச் சாதிக் கணக்கில் சேர்த்துவிட்டோம். எங்கள் சாமர்த்தியத்துக்கு இயந்திரமும் தப்பவில்லை.

அதுவும் யாருடைய தேர்? கண்ணகியுடைய தேர். மதுரைக்கு வந்தவளுக்கு அடைக்கலம் கொடுத்தது அரண்மனையல்ல. பால் மோர் விற்கும் ஆயர் குலத்து மாதரி. அவள் வீட்டு அரிசியில்தான் கண்ணகி கோவலனுக்குக் கடைசிச் சோறு சமைத்தாள். பிறகு நீதி கேட்டாள். கிடைக்கவில்லை. நகரத்தை எரித்தாள். அந்தச் சினம் தணியத்தான் வைகாசியில் தம்பிலுவில், காரைதீவு என்று எங்கள் கரையெங்கும் குளிர்த்தி பாடுகிறோம். அநீதியைப் பொறுக்காததால் தெய்வமானவள் அவள். அவளை அநீதியின் மேலேயே ஏற்றி, வீதி வலம் கொண்டுபோகிறார்கள். அரோகரா.

"அது யாழ்ப்பாணத்துப் பிரச்சினை. எங்கள் கிழக்கில் சாதி இல்லை."

இதைச் சொல்லாத பெரியவர் இந்தக் கரையில் இல்லை. உண்மைதான். எங்களிடம் சாதி இல்லை. குடிதான் இருக்கிறது. முதலாம் திருவிழா ஒரு குடிக்கு, இரண்டாம் திருவிழா இன்னொரு குடிக்கு. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், யாருக்கு முதல் மரியாதை, யார் கையில் முதல் காளாஞ்சி. காளாஞ்சி என்பது ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, ஒரு தேங்காய்ப் பாதி. அதற்காக நீதிமன்றப் படி ஏறிய கோயில்கள் உண்டு. சாமி வரும் வழியில் நிலபாவாடை விரிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும், பறை அடிக்கிறவர் எதுவரை வரலாம் என்பதெல்லாம் எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். அவர் அடிக்காமல் சாமி நகராது. அடித்து முடித்தால் அவர் நகர வேண்டும். இதற்குப் பெயர் மரபு. சாதி இல்லை என்றுதான் சொன்னோமே.

சரி, கதிர்காமத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் பாத யாத்திரை கோமாரி வீதியால்தான் போகிறது. செல்வச்சந்நிதியிலிருந்து நடந்து வருகிறவர்களும் அதில் உண்டு. பொத்துவில், பாணமை, உகந்தை, பிறகு குமண, யால காடு. அந்த வழியில் எல்லாருக்கும் ஒரே பெயர்: சாமி. ஒரே ஆற்றில் அள்ளிக் குடிக்கிறார்கள். ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். யானையும் சிறுத்தையும் உலாவும் காட்டுக்குள், "தம்பி எந்த ஆக்கள்?" என்று கேட்கும் துணிச்சல் எவனுக்கும் வருவதில்லை. காடு முடிய வேண்டும். ஊர் திரும்ப வேண்டும். காவி வேட்டியைக் கழற்ற வேண்டும். பிறகு வருகிறது துணிச்சல்.

அத்தனை தூரம் நடந்து யாரைப் பார்க்கப் போனோம்? வேடர் குலத்துப் பெண்ணைத் தேடிக் காட்டுக்குள் வந்து, கிழவன் வேஷம் போட்டு, கெஞ்சிக் கலியாணம் முடித்த முருகனை. அவன் மாமனார் இன்று வடம் பிடிக்க வந்தால் பரிபாலன சபை அவரிடம் குடி கேட்கும். சந்தா கட்டிய துண்டு கேட்கும். கடைசியில் வேலிக்கு வெளியே நின்று கும்பிடச் சொல்லும். மருமகன் தேரில் இருப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவரையும் கேட்டா இழுக்கிறார்கள்?

இது படிக்காதவர் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள். சி. சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் படித்தவர். கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். தமிழருக்குத் தனிநாடு கேட்ட முன்னோடிகளில் ஒருவர். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போக வந்த சக தமிழனை மறித்து நின்றார். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை போனது. நாட்டுக்கு எல்லை கீறிய அதே கைதான் கோயில் வாசலுக்கும் கீறியது. கணக்கில் புலி. கூட்டல் மட்டும் வரவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் வித்தியாசம் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் தேர் வடம் நான்கு நாட்டாருக்கு உரியது என்பது வழக்கமாக இருந்தது. தலித்துகளும் பிடிப்போம் என்றார்கள். 1998இல் தேர் நின்றது. நீதிமன்றம் உத்தரவு போட்டது. பொலிஸ் வந்தது. 2006இல் ஓடிய தேர் மறுபடி நின்றது. தேர் பழுது, திருப்பணி என்று காரணங்கள் வரிசையில் வந்தன. அடுத்து ஓடியது 2024 ஜூன் 21இல். ஒரு வடத்தில் இன்னொருவன் கை படக்கூடாது என்பதற்காகக் கடவுளை ஏறக்குறைய 18 ஆண்டு கொட்டகையில் வைத்திருந்தார்கள். பக்தி என்றால் அதுதான் பக்தி.

இனி நம்முடைய எண்கணிதம். தேர்தல் வந்தால் நாம் எல்லாரும் தமிழர், ஒருவர் குறையாமல். 2019இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டு உண்ணாவிரதப் பந்தல் போட்டபோதும் நாம் தமிழர், ஒருவர் குறையாமல். கோரிக்கையின் சரிபிழை வேறு பேச்சு. அன்று தலை எண்ணியபோது பறை அடிக்கிறவரின் தலையும் எண்ணப்பட்டது. பந்தலில் அவருக்குக் கதிரையும் கிடைத்தது. ஆனால் தேர் அன்று கூட்டிப் பாருங்கள். தலைகள் குறையும். ஜெனீவாவுக்குக் கொடுக்கும் கணக்கு ஒன்று, கோயில் வீதியில் காட்டும் கணக்கு இன்னொன்று. கதிர்காமம் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று மேடைக்கு மேடை அழுகிறோம். கையில் இருக்கும் கோயிலில் நம்மவனை என்ன செய்கிறோம் என்று ஒரு மேடையும் கேட்பதில்லை. கேட்டால் ஒலிவாங்கி பழுதாகிவிடும்.

காசுக்கு மட்டும் குறைவில்லை. கனடாவிலிருந்து வருகிறது, சுவிஸிலிருந்து வருகிறது. பழைய தேர் போதாது, புதுத்தேர். பழைய கோபுரம் போதாது, உயர்ந்த கோபுரம். சிற்பிக்கு இலட்சக்கணக்கில், வர்ணத்துக்கு இலட்சக்கணக்கில், வாணவேடிக்கைக்கு இரவோடிரவாகக் கரி. அனுப்புகிறவனின் பிள்ளை அங்கே எந்தச் சாதிக்காரனோடும் ஒரே மேசையில் சாப்பிடுகிறது. அவன் அனுப்பிய காசு இங்கே ஊரைப் பிரித்து வைக்கிறது. தேர் உயர உயர, பிடிக்கத் தகுதியான கைகள் குறைகின்றன. ஆள் போதவில்லையாம். இளைஞர் எல்லாம் வெளிநாடாம். பக்கத்துத் தெருவில் நூறு கை சும்மா நிற்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. சாதியைக் காட்டிக் கோயிலில் வழிபட விடாமல் தடுப்பது குற்றம். அறுபது ஆண்டு கடந்த சட்டத்துக்கு வரணியில் கிடைத்த மரியாதையைப் பார்த்தோம். ஆகவே சட்டத்தை நம்பி இதை எழுதவில்லை. உங்கள் சட்டைப் பையை நம்பி எழுதுகிறேன்.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன் ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். உங்கள் பெயரை முழுப் பட்டத்தோடு எழுதப் பேனாவைத் திறப்பார்கள். அப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் கோயில் வடத்தை யாரும் பிடிக்கலாமா?" பிடிக்கலாம் என்றால் தாராளமாகக் கொடுங்கள். "அதெல்லாம் வழக்கப்படி நடக்கும்" என்றால், காசும் வழக்கப்படி பைக்குள்ளேயே கிடக்கட்டும். வடத்தைக் கொடுக்காத கோயிலுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.