பெங்களூர்க் கோட்டையில் ஹைலாண்டர்கள்: ஐந்து நூற்பாக்களும் உரையும்

ஸ்காட்லாந்துக் காலாட்படை ரெஜிமெண்ட் ஒன்றின் வரலாற்றை ஆராயப் புகுபவர் பெங்களூரிலிருந்தே தொடங்கலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு. மைசூர் மன்னர் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில், 1791 மார்ச் 7 அன்று ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை, கோட்டையை ஒட்டிய ஊரான பெங்களூர்ப் பேட்டையைப் பிடித்தது. மார்ச் 21 இரவு, நிலா வெளிச்சத்தில், மதிலின் உடைப்பு வழியே ஏறிக் கோட்டையையும் கைப்பற்றியது. அப்படையில் வந்த பிரிட்டிஷ் மன்னரின் ரெஜிமெண்டுகளில் 71, 72, 74 ஆகிய மூன்றும் ஹைலாண்டர் படைகள், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுப் படைகள். அவற்றைப் பற்றிய ஆய்வுக்கு வேண்டிய விதிகளை ஐந்தாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரை சொல்லலாம்.

1. ஆண்டு தெளிந்த பின்னரே எண் தெளிக.

ரெஜிமெண்டின் எண் நிலையானதன்று. மக்லவுட் பிரபு திரட்டிய படைக்கு முதலில் 73 என்று எண். அதன் முதல் பட்டாலியன் 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் அப்போது மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் ஆங்கிலேயத் தரப்புக் கர்னல் பெய்லியின் படையை அழித்தபோது, இந்த 73-இன் சில பிரிவுகளும் அதில் சிக்கின. காயம்பட்டுப் பிடிபட்ட கேப்டன் டேவிட் பேர்ட் 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். 1781 செப்டம்பர் 27-இல் சோளிங்கரில் ஹைதரை எதிர்த்து நின்றதும் இதே 73தான்.

1786-இல் இப்படையின் எண் 71 ஆயிற்று. அதே ஆண்டில், முன்பு மங்களூர் முற்றுகையில் அடைபட்டுக் கிடந்த, பிளாக் வாட்ச் என்ற ஹைலாண்டர் படையின் இரண்டாம் பட்டாலியன் தனி ரெஜிமெண்டாகி 73 என்ற எண்ணைப் பெற்றது. ஆகவே 1781-ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் 73 வேறு, 1791-ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் 73 வேறு. சீஃபோர்த் பிரபுவின் படைக்கும் இதே நிலைதான். 1786 வரை அது 78, பிறகு 72. 1793-இல் சீஃபோர்த் குடும்பத்தாரே இன்னொரு படையைத் திரட்ட, அதற்கு 78 என்று எண் விழுந்தது. 1803-இல் அசாயே போரில் 74-உடன் நின்றது இந்தப் புதிய 78.

1881-இல் 71-உம் 74-உம் இணைந்து ஹைலாண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆயின. 72-உம் 78-உம் சீஃபோர்த் ஹைலாண்டர்ஸ் ஆயின. 73 தன் தாய்ப்படையான பிளாக் வாட்ச்சுக்கே திரும்பியது. 2006-இல் இம்மரபுகள் எல்லாம் ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற ஒரே படைக்குள் வந்துவிட்டன. இந்த வரிசையை எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளாதவர் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

2. மன்னர் படை வேறு. கம்பெனிப் படை வேறு.

பெங்களூரைத் தாக்கியது ஒரே சேனை என்றாலும் அதற்குச் சம்பளம் எழுதிய கணக்குப்பிள்ளைகள் இரு தரப்பினர். 71, 72, 74 ஆகியவை மன்னரின் ரெஜிமெண்டுகள். அவற்றின் ஆள்வரிசைப் பதிவேடுகளும் சம்பளப் பட்டியல்களும் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்த்துறையின் 12-ஆம் தொகுதியில் இருக்கின்றன. உடன் வந்த சென்னைச் சிப்பாய்ப் பட்டாலியன்களும் பீரங்கிப் படையும் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தவை. அவற்றின் காகிதங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் பிரிவிலும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். ஹைலாண்டர் ஒருவரின் பெயரைக் கம்பெனிப் பட்டியலில் தேடுவதும், சிப்பாயின் பெயரைக் கியூவில் தேடுவதும் வீண்வேலை.

3. படையைத் தொடர்பவர் ஆளையும் தொடர்க.

ரெஜிமெண்ட் ஊர் திரும்பினால் அதன் ஆட்களும் திரும்பினார்கள் என்று கொள்ளலாகாது. 1797-இல் 71-ஆம் படை தாயகத்துக்குக் கப்பலேறியபோது, உடல் நலமாக இருந்த படைவீரர்களை 73-க்கும் 74-க்கும் மாற்றிவிட்டார்கள். அதிகாரிகளும் நலிந்தவர்களுமே கப்பலில் போனார்கள். எனவே 1791-இல் 71-ஆம் எண்ணோடு பெங்களூர் மதிலேறிய ஒருவர், 1799 மே 4 அன்று வேறோர் எண்ணோடு ஸ்ரீரங்கப்பட்டண மதிலும் ஏறியிருக்கக்கூடும். அந்தத் தாக்குதலை நடத்தியவர், முன்பு அதே ஊரில் சிறையிருந்த டேவிட் பேர்ட்.

வந்தவர் தொகையையும் இப்படியே பார்க்க வேண்டும். சீஃபோர்த்தின் படை 1781 ஜூனில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு 1782 ஏப்ரலில்தான் சென்னை சேர்ந்தது. வழியில் ஸ்கர்வி நோயால் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். படையைத் திரட்டிய சீஃபோர்த் பிரபுவே கடலில் மாண்டார். புறப்பட்டவர் எண்ணிக்கையைக் களத்தில் நின்றவர் எண்ணிக்கையாக எழுதுவது பெரும்பிழை.

4. கல்லைக் காகிதத்தோடு சேர்த்தே படிக்க.

பெங்களூர்க் கோட்டையில் எஞ்சியிருப்பது டெல்லி வாயிலும் அதைச் சுற்றிய சிறு பகுதியும்தான். தாக்குதல் இந்த உடைப்பின் வழியே நடந்தது என்று நாளைக் குறித்துச் சொல்லும் கல் அங்கே இருக்கிறது. எந்த ரெஜிமெண்ட் முன்னே சென்றது என்று அது சொல்லாது. 1791-இல் மாண்டவர்களுக்காக மாநகராட்சி அலுவலகத்தின் முன் நின்ற நினைவுத்தூண் 1964-இல் அகற்றப்பட்டது. கோட்டையை ஒட்டியிருந்த ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டமும் இன்று இல்லை. கார்ன்வாலிஸின் சேனையோடு வந்த ஓவியர் ராபர்ட் ஹோம் 1794-இல் வெளியிட்ட மைசூர்க் காட்சிகள் நூலில் அதன் படம் மட்டும் தங்கியிருக்கிறது.

நிற்கும் கட்டடங்களிலும் கவனம் வேண்டும். கப்பன் சாலையின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் ஸ்காட்லாந்துச் சபைக்காகக் கட்டப்பட்ட கோயில்தான். ஆனால் அது 1866-இல் திறக்கப்பட்டது. கண்டோன்மெண்ட்டே 1809-இல்தான் உருவாயிற்று. 1791-க்கு இவை சாட்சியாகா. புள்ளலூரில் நிற்கும் இரண்டு தூண்களும் 1780-இல் இறந்தவர்களுக்கு எழுப்பியவை அல்ல. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27-இல் அதே இடத்தில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட அதிகாரிகளுக்கு உரியவை.

5. எதிர் நின்றாரையும் உடன் நின்றாரையும் எண்ணுக.

இந்த விதியே தலையாயது. பெங்களூர்க் கோட்டையைக் காத்த கில்லேதார் (கோட்டைத் தலைவர்) பகதூர் கான் மார்ச் 21 இரவு போரிட்டே உயிர் விட்டார். அவருடைய உடலைத் தருவதாகக் கார்ன்வாலிஸ் திப்புவுக்குச் சொல்லியனுப்பினார். பெங்களூரிலேயே அடக்கம் செய்யும்படி திப்பு பதில் தந்தார். அவரோடு வீழ்ந்தவர்களை விட்டுவிட்டு ரெஜிமெண்டின் வீரத்தை மட்டும் எழுதினால், யாரை எதிர்த்து அந்த வீரம் என்பதே தெரியாமல் போகும். புள்ளலூரில் அழிந்த பெய்லி படையிலும் பெரும்பகுதியினர் இந்தியச் சிப்பாய்களே. ஹைலாண்டர்களின் பெயர்களைப் பதிவேடு தோறும் தேடும் உழைப்பில் பாதியாவது இவர்களுக்கும் உரியது.

இந்தப் படைகளின் போர்ச் சிறப்புப் பட்டியலில் கர்நாட்டிக், சோளிங்கர், மங்களூர், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், அசாயே என்ற பெயர்கள் இருக்கின்றன. அத்தனையும் நம் நாட்டு இடங்கள். மைசூர்ப் போர்களின் மறுபக்கத்தைச் சொல்லும் கிர்மானியின் ‘நிஷான்-ஏ-ஹைதரி’ பாரசீகத்தில் இருக்கிறது. கம்பெனிச் சிப்பாய்களின் காகிதம் எழும்பூரில் இருக்கிறது. மதில் இருந்த இடங்களோ பெங்களூரில் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் எழுதப்பட்ட ரெஜிமெண்ட் வரலாறுகள் இம்மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதைச் செய்ய வசதியும் கடமையும் உள்ளவர்கள் இங்கிருக்கும் ஆராய்ச்சி மாணவர்களே. அவர்கள் எழுதினால்தான் 71-ஆம் படையின் வரலாறு முழுமை பெறும்.